பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர்

1947 ஆகஸ்டில் இந்தியாவின் சட்ட அமைச்சர் அண்ணல் அம்பேத்கர் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அதே மாதம் பாகிஸ்தானின் சட்ட அமைச்சராகப் பொறுப்பேற்றவரும் ஒரு தலித் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பெயர் ஜோகேந்திரநாத் மண்டல்.

1904இல் வங்காளத்தின் பரிசால் மாவட்டத்தில், நாமசூத்திரர் எனும் தீண்டப்படாத உழவர் சாதியில் பிறந்தவர். சட்டம் படித்தவர். 1937 தேர்தலில் பொதுத்தொகுதியில் நின்று காங்கிரஸ் வேட்பாளரைத் தோற்கடித்தார். தனித்தொகுதியில் அல்ல, பொதுத்தொகுதியில். இன்றைக்கும் நமக்கு எட்டாக்கனியாக இருப்பது அது.

1946இல் அரசியல் நிர்ணய சபைக்குள் அம்பேத்கரை நுழைய விடாமல் பம்பாயில் கதவடைத்தபோது, வங்காளத்திலிருந்து அவரை வெற்றிபெற வைத்ததில் மண்டலின் உழைப்பு பெரிது. நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய வேலை இது.

முஸ்லிம் லீகோடு அவர் ஏன் சேர்ந்தார்? கிழக்கு வங்காளத்தில் நாமசூத்திரரும் முஸ்லிம் குடியானவரும் ஒரே சேற்றில் இறங்கியவர்கள். நிலமும் வட்டிக்கடையும் பெரும்பாலும் சாதி இந்துக்களின் கையில் இருந்தன. ஏழையும் ஏழையும் சேர்ந்தால் பிழைக்கலாம் என்று கணக்குப் போட்டார். 1946 கலவரங்களுக்குப் பிறகும் அந்தக் கணக்கை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அங்கேதான் தவறினார் என்று நாம் கருதுகிறோம். ஆனால், காங்கிரஸை நம்பியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்ற கேள்வியும் இருக்கிறது.

பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையின் முதல் கூட்டத்துக்குத் தற்காலிகத் தலைவர் அவரே. சட்டத்துறையோடு தொழிலாளர் துறையும் அவரிடம் இருந்தது. நாற்காலி இருந்தது, அவர் சொல்லுக்கு மதிப்பு இல்லை. ஜின்னா 1948இல் மறைந்தார். 1950 தொடக்கத்தில் கிழக்கு வங்காளக் கலவரங்களில் அவருடைய சொந்த மக்கள் வெட்டப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன. அவர் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார். பிறகு கல்கத்தா வந்து, 1950 அக்டோபர் 8 அன்று பிரதமர் லியாகத் அலி கானுக்கு நீண்ட ராஜினாமாக் கடிதம் எழுதினார். கொடுமை நடந்த இடங்களை வரிசையாகக் குறிப்பிட்ட கடிதம் அது. சட்டம் படிக்கும் மாணவர்கள் தேடிப் படியுங்கள்.

இந்தியா அவரை அணைத்துக்கொள்ளவில்லை. பாகிஸ்தானுக்குப் போனவன் என்று ஏசினார்கள். மேற்கு வங்கத்தில் தேர்தலில் நின்றார், தோற்றார். அகதிகளாக வந்த நாமசூத்திரர்களின் மறுவாழ்வுக்காகத் தெருவில் இறங்கிப் போராடினார். 1968 அக்டோபர் 5 அன்று, எல்லையோர ஊரான பன்காவில் இறந்தார்.