கண்ணுக்குத் தெரியாததைக் கணக்குப் போட்டவர்



எங்க மாமா சங்கு குளிக்கப் போறவங்க. கடலுக்கு அடியில ஓடுற நீவாடு கண்ணுக்குத் தெரியாதாம். கயிறு சாயுறதை வச்சுத்தான் தெரிஞ்சுக்குவாங்களாம். அதைக் கேட்டதும் எனக்கு விஞ்ஞானி சந்திரசேகர் ஞாபகம் வந்தது.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910 அக்டோபர் 19-ல் லாகூரில் பிறந்த தமிழர். சர் சி.வி. ராமன் இவருக்குச் சித்தப்பா. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தார். 1930-ல், 19 வயதில், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கப்பலிலேயே கணக்குப் போட்டு, வெண்குறு விண்மீனின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று கண்டார். அது சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு.

1935-ல் லண்டன் கூட்டத்தில் புகழ்பெற்ற எடிங்டன் அதை எல்லார் முன்னாடியும் கேலி செய்தார். சந்திரசேகர் மனம் நொந்தாலும் ஆராய்ச்சியை விடவில்லை. 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

1943-ல் அவர் எழுதியதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. விண்மீன் கூட்டத்துக்குள் கனமான ஒன்று ஓடினால், அதன் ஈர்ப்பால் மற்றவை பின்னால் நெருங்கிச் சேரும். சேர்ந்து அதைப் பின்னுக்கு இழுக்கும், வேகம் குறையும். இதுதான் இயக்க உராய்வு.

இதில் என்ன இருக்குன்னு கேக்கிறீங்களா? விண்மீன் மண்டலங்கள் சுழலும் வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு போதாது. தெரியாத கரும்பொருள் இருக்கிறது என்பவர்களே அதிகம். நீளம், அகலம், உயரம் தாண்டிய இன்னொரு பரிமாணத்தால் ஈர்ப்பே மாறியிருக்கலாம் என்பவர்களும் உண்டு. நிஜமாகவே பொருள் இருந்தால், அதற்குள் ஓடும் சிறு மண்டலம் சந்திரசேகர் கணக்குப்படி வேகம் குறையணும். ஈர்ப்பு மாறியிருந்தால் விடை வேறாக வரும். உரசிப் பார்க்கும் உரைகல் அந்த 1943 கணக்குதான்!

1983-ல் நோபல் பரிசு பெற்றார். 1995 ஆகஸ்ட் 21-ல் மறைந்தார். 1999-ல் விண்ணுக்குப் போன 'சந்திரா' தொலைநோக்கிக்கு இவர் பெயர்தான். மோதிக்கொண்ட இரு மண்டலக் கொத்துகளை அது படம் பிடித்தது. வாயு ஓரிடத்தில், ஈர்ப்பு வேறிடத்தில்! கரும்பொருளுக்கு வலுவான சான்று என்று 2006-ல் அறிவித்தார்கள். ஆனால் அது எதனால் ஆனது? இன்னும் விடையில்லை.

போன வருஷம் வகுப்பில் நான் ஒரு கேள்வி கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதோட கேக்கிறதையே விட்டுட்டேன். இவர் கதையைப் படிச்ச பிறகு, நாளையிலிருந்து மறுபடியும் கேட்கப் போறேன். நீங்களும் கேளுங்க நண்பர்களே!