பிள்ளைகளை ஒன்றாக வாசிக்க வைத்த பாபா



நம்ம பிள்ளைக்குச் சங்கீதமெல்லாம் எங்கே வரப்போகிறது, அதெல்லாம் வசதி உள்ளவர்களுக்குத்தான் என்று சலித்துக்கொள்ளும் பெற்றோர் உண்டு. அவர்கள் பாபா அலாவுதீன் கானின் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

இன்றைய வங்காளதேசத்தில் உள்ள சிப்பூர் கிராமத்தில் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே இசைமேல் கொண்ட ஆசையால் வீட்டைவிட்டு ஓடி, கல்கத்தா வந்து சேர்ந்தார். கையில் காசில்லை. தர்மச் சோறு சாப்பிட்டுக்கொண்டே பாட்டுக் கற்றார். சில ஆண்டுகளில் அவருடைய குரு பிளேக் நோயில் இறந்துபோனார். அதோடு மனம் உடைந்துவிடவில்லை. நாடகக் கொட்டகையில் வாத்தியம் வாசித்துப் பிழைத்தபடியே பிடில், ஷெனாய் என்று பல வாத்தியங்களைப் பழகினார்.

பிறகு ராம்பூர் அரண்மனை வித்துவான் வசீர் கானைத் தேடிப் போனார். வாசலிலேயே விரட்டினார்கள். நவாபின் வண்டிக்கு முன்னால் போய் விழுந்துதான் சீடராகச் சேர்ந்தார் என்பார்கள். அதன் பிறகும் குரு உடனே சொல்லிக் கொடுக்கவில்லை. பல காலம் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் குருவின் மனம் இளகியது.

பின்னர் மத்திய இந்தியாவில் மைஹார் என்ற சின்ன சமஸ்தானத்தில் அரண்மனை வித்துவான் ஆனார். 1918-ஆம் ஆண்டு வாக்கில் அந்தப் பக்கம் கொள்ளை நோய் பரவி, பல பிள்ளைகள் தாய் தகப்பனை இழந்து நின்றார்கள். பாபா அந்தப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகள். ஏடு இல்லை, எழுத்து இல்லை. காதால் கேட்டு, மனத்தில் நிறுத்தி, கையால் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். ஒரு பிள்ளைக்கு சித்தார், ஒன்றுக்கு சரோட், ஒன்றுக்கு பிடில், ஒன்றுக்கு தபேலா.

தனியாக வாசித்தால் மட்டும் போதாது. பக்கத்தில் இருப்பவன் வாசிப்பதையும் கேட்க வேண்டும். ஒருவன் ஓடினால் எல்லாருடைய தாளமும் கெடும். இப்படித்தான் மைஹார் பாண்டு உருவானது. பழைய துப்பாக்கிக் குழாய்களை வெவ்வேறு அளவில் வெட்டி, குச்சியால் தட்டி வாசிக்கும் நளதரங் என்ற வாத்தியத்தையும் அவரே செய்தார். உயிரைப் பறிக்கும் துப்பாக்கி அந்தப் பிள்ளைகள் கையில் ராகம் பாடியது!

பண்டிதர் ரவிசங்கர், மகன் அலி அக்பர் கான், மகள் அன்னபூர்ணா தேவி எல்லாரும் அவரிடம் பயின்றவர்களே. பாபா ஐந்து வேளை தொழும் முஸ்லிம். மைஹார் சாரதா தேவியிடமும் நீங்காத பக்தி உள்ளவர். 1971-இல் இந்திய அரசு பத்மவிபூஷண் விருது வழங்கியது. 1972-இல் மைஹாரிலேயே காலமானார். அவர் அமைத்த பாண்டு அவருக்குப் பிறகும் தொடர்ந்து வாசித்தது.

பெற்றோர்களே! தாய் தகப்பன் இல்லாத அந்தப் பிள்ளைகளுக்கே இசை வந்தது. நம்ம பிள்ளைகளுக்கு வராதா? கோயில் பஜனையோ, உருமி மேளமோ, பள்ளி இசைக்குழுவோ, எங்கே நாலு பேர் கூடிப் பழகுகிறார்களோ அங்கே பிள்ளையை அனுப்பி வையுங்கள். மாணவச் செல்வங்களே! நன்றாக வாசியுங்கள். பக்கத்தில் இருப்பவன் வாசிப்பதையும் கேளுங்கள்.

வாழ்க இசை! வளர்க நம் பள்ளி!