ஊரெல்லாம் பாடிய நந்தன் பாட்டு
தில்லை நடராசரைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரின் கதை

மாயூரத்தில் ஒரு மத்தியான வேளை. நல்ல வெயில். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குள்ளே படுத்திருந்தார். வாசல் திண்ணையில் ஒருவர் காத்துக் கிடந்தார்.

அவர் வருவது அதுதான் முதல் தடவை அல்ல. பல தடவை வந்துவிட்டார். தாம் எழுதிய பாட்டுப் புத்தகத்துக்கு ஒரு சிறப்புப்பாயிரம் வேண்டும் என்று கேட்டார். அந்தக் காலத்தில் பெரிய புலவர் ஒருவர் சிறப்புப்பாயிரம் பாடிக் கொடுத்தால்தான் புத்தகத்துக்கு மதிப்பு. பிள்ளையோ கொடுக்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிக் கொண்டே இருந்தார்.

அன்றும் அவர் வந்தார். பிள்ளை தூங்குகிறார் என்று தெரிந்தது. எழுப்ப மனம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்தார். பொழுது போக வேண்டுமே! தம் பாட்டு ஒன்றைத் தமக்குத் தாமே மெல்லப் பாடிக் கொண்டிருந்தார்.

உள்ளே படுத்திருந்த பிள்ளையின் காதில் அது விழுந்தது. முதலில் சும்மா கேட்டார். பிறகு எழுந்து உட்கார்ந்தார். பக்தியில் உருகி வந்த பாட்டு அது. பிள்ளையின் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெளியே வந்தார். இத்தனை நாள் அலைய வைத்ததற்கு வருந்தினார். அன்றே சிறப்புப்பாயிரம் பாடிக் கொடுத்துவிட்டார்.

திண்ணையில் உட்கார்ந்து பாடியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அந்தப் புத்தகம் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'.

வீணைக் குடும்பம்

பாரதி என்றதும் மகாகவி சுப்பிரமணிய பாரதியார் நினைவுக்கு வருவார். இவர் அவரல்ல, அவருக்கு இரண்டு தலைமுறை முந்தியவர்.

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நரிமணம் என்ற ஊர் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு பிறந்து பத்தாண்டு கழிந்த சமயம். அந்த ஊரில்தான் கோபாலகிருஷ்ணர் பிறந்தார். வீணை வாசிக்கும் குடும்பம். தொட்டிலில் கிடந்தபோதே காதில் சங்கீதம் விழுந்தது.

முடிகொண்டானில் சில காலம் வாழ்ந்தார். பிறகு மாயூரத்துக்கு அருகே ஆனந்ததாண்டவபுரம் வந்தார். அங்கே அண்ணுவையர் என்ற தருமவான் அவரை ஆதரித்தார். மாயூரத்தில் கோவிந்தசிவம் என்ற பெரியவரிடம் வேதாந்தமும் யோகமும் கற்றார். திருவிடைமருதூரில் மராட்டிய அரச குடும்பத்தார் ஆதரவில் ராமதாஸ் என்ற இந்துஸ்தானி வித்வான் இருந்தார். அவரிடம் வடநாட்டு சங்கீதமும் கேட்டுக் கொண்டார்.

பாரதியார் கலியாணம் செய்து கொள்ளவில்லை. சொத்துச் சேர்க்கவில்லை. வேளைக்குச் சோறு, பாட ஒரு திண்ணை. அவருக்கு அது போதும்.

திருவையாற்றில் ஒரு சோதனை

ஒரு சமயம் அவர் திருவையாறு போனார். தியாகராஜ சுவாமிகளைத் தரிசிக்க வேண்டும் என்று ஆசை. சுவாமிகள் 1847-இல் சமாதி அடைந்தவர். அதற்கு முன்னால் நடந்தது இது.

பாரதியார் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தார். எங்கிருந்து வருகிறீர் என்று சுவாமிகள் விசாரித்தார். மாயூரம் பக்கம் என்றார் பாரதியார். அப்படியானால் கோபாலகிருஷ்ண பாரதியைத் தெரியுமா என்று சுவாமிகள் கேட்டார். அடியேன்தான் அது என்று இவர் தலை குனிந்து சொன்னார்.

அப்போது சீடர்கள் சுவாமிகளின் கீர்த்தனை ஒன்றைப் பாடிக் கொண்டிருந்தார்கள். ஆபோகி ராகம். அந்த ராகத்தில் நீர் ஏதாவது செய்திருக்கிறீரா என்று சுவாமிகள் கேட்டார். பாரதியார் பதில் பேசவில்லை. செய்ததில்லை, அதனால் பேசவில்லை.

வெளியே போனார். ஆபோகி காதிலேயே ஒலித்துக் கொண்டிருந்தது. தில்லை நடராசர் மேல் ஒரு கீர்த்தனை பிறந்தது. திரும்பி வந்து பாடினார். சுவாமிகள் மெச்சினார். சபாபதியைப் பற்றிய அந்தக் கீர்த்தனையைக் கச்சேரி மேடைகளில் இன்றும் கேட்கலாம்.

தெலுங்கில் பாடினால்தான் சங்கீதம் என்று பலர் நினைத்த காலம் அது. பாரதியார் தமிழில் பாடினார். அதுவும் எளிய தமிழில்.

கதையை மாற்றினார்

இப்போது நந்தன் கதைக்கு வருவோம்.

பெரிய புராணத்தில் சேக்கிழார் சொன்ன கதை சின்னது. கொள்ளிடக் கரையிலுள்ள ஆதனூரில் நந்தனார் பிறந்தார். தீண்டத்தகாதவர் என்று ஊரார் ஒதுக்கிய குலம். கோயில் முரசுகளுக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுப்பது அவர் தொண்டு. அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் போகும், அவர் போகக்கூடாது! சிதம்பரம் போக வேண்டும் என்று ஆசை. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாளைத் தள்ளினார். அதனால் திருநாளைப்போவார் என்று பெயர் வந்தது. கடைசியில் தில்லை போய்ச் சேர்ந்தார். தீயில் மூழ்கி முனிவராக எழுந்து கோயிலுக்குள் போனார்.

இந்தக் கதையில் ஆண்டை கிடையாது. பாரதியார்தான் ஓர் ஆண்டையைக் கொண்டுவந்து வைத்தார். வேதியர் என்று அவருக்குப் பெயர். நந்தன் அவருடைய பண்ணையாள். சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான். வேதியர் திட்டுகிறார். நாற்பது வேலி நிலத்திலும் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். நாற்பது வேலி என்றால் ஏறக்குறைய 266 ஏக்கர்! ஓர் ஆளால் ஆகிற காரியமா? நந்தன் அழுகிறான். இறைவன் அருளால் ஒரே இரவில் எல்லாம் விளைந்து நிற்கிறது. வேதியர் நந்தன் காலில் விழுகிறார்.

இந்த வேதியரைப் பாரதியார் எங்கே பிடித்தார்? தேடிப் போக வேண்டியதில்லை. தஞ்சை ஜில்லாவில் திரும்பிய பக்கமெல்லாம் மிராசுதார்கள் இருந்தார்கள். அவர்களிடம் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்பட்ட பண்ணையாட்கள் இருந்தார்கள். அடிமை முறைக்குச் சட்டத்தில் இடம் இல்லை என்று 1843-இல் கம்பெனி சர்க்கார் சட்டம் போட்டது. சட்டம் காகிதத்தில் இருந்தது. பண்ணையாள் வயலிலேயே இருந்தான். உத்தரவு இல்லாமல் ஊரைத் தாண்ட முடியாது. பாரதியார் தினம் பார்த்த காட்சி அது. பிராமண மிராசுதார் வீட்டில் சாப்பிட்ட பிராமணர்தான் இதைப் பாடினார் என்பது சாதாரண விஷயமல்ல.

புலவர்களுக்கு இது பிடிக்கவில்லை. சேக்கிழார் சொல்லாததைச் சொல்லலாமா என்று கேட்டார்கள். பாட்டில் இலக்கணப் பிழைகள் வேறு இருந்தன. மீனாட்சிசுந்தரம் பிள்ளை சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டதற்கும் இவைதான் காரணம். பிழை இருந்தது உண்மை. கேட்டவர்கள் அதைக் கவனித்தார்களா என்பது வேறு விஷயம்.

ஆளுக்கு ஒரு பாட்டு

நாகப்பட்டினத்தில் கந்தப்ப செட்டியார் என்ற செல்வர் வீட்டில் பாரதியார் நந்தன் கதையைப் பாடினார். கூட்டம் கூடியது. கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் முணுமுணுத்தார்கள். அவர்களிடமிருந்து மற்றவர்கள் பிடித்துக் கொண்டார்கள்.

கிராமபோன் தட்டு, ரேடியோ எதுவும் இல்லாத நாட்கள். ஒரு பாட்டு ஊர்விட்டு ஊர் போக வேண்டுமானால் வாய்தான் வண்டி. ஒருவர் பாட, மற்றவர் கேட்டு, அவர் வேறொருவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நந்தன் பாட்டு அப்படித்தான் பரவியது.

அதற்கு ஏற்றபடியே பாரதியார் கட்டியிருந்தார். பெரிய ராகங்களில் கீர்த்தனைகள் உண்டு. பாமரர் பாடும் நொண்டிச் சிந்து உண்டு. கண்ணி உண்டு, விருத்தம் உண்டு. அவரவருக்குப் பிடித்தது அவரவருக்குக் கிடைத்தது. சங்கீதம் தெரிந்தவருக்கு மாஞ்சி ராகத்தில் 'வருகலாமோ'. தில்லையின் எல்லையில் நின்று, உள்ளே வரலாமா என்று நந்தன் கேட்கிற பாட்டு அது. திருப்புன்கூரில் நந்தி மறைத்துக் கொண்டிருக்கிறது, சுவாமி தெரியவில்லை, அப்போது 'வழிமறைத்திருக்குதே' என்று ஏங்குகிறான். வீதியில் நின்று கோயிலை எட்டிப் பார்த்துப் பழகிய எவருக்கும் அந்தப் பாட்டுக்கு விளக்கம் வேண்டியதில்லை. குழந்தைகளுக்கோ வேதியரின் கோபப் பாட்டு வேடிக்கை!

பாட்டின் புகழ் காரைக்காலுக்கு எட்டியது. காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அங்கே சீசே என்ற பிரெஞ்சுக் கலெக்டர் இருந்தார். தமிழ்ப் பாட்டில் பிரியமுள்ளவர். மக்கள் அவரைச் சீசையா என்று அழைத்தார்கள். இந்தப் பாட்டைக் காகிதத்தில் ஏற்ற வேண்டும் என்று அவர் விரும்பினார். அவர் உதவியால் 1861-இல் புத்தகம் அச்சாயிற்று. ஆசிரியர் உயிரோடு இருக்கும்போதே கீர்த்தனைப் புத்தகம் அச்சில் வருவது அக்காலத்தில் அபூர்வம்.

பிறகு பதிப்புக்கு மேல் பதிப்பு வந்தது. பாகவதர்கள் கதையை எடுத்துக் கொண்டார்கள். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதரின் நந்தன் சரித்திரக் காலட்சேபம் பெரும் புகழ் பெற்றது. பாரதியார் திருநீலகண்டர், இயற்பகையார், காரைக்கால் அம்மையார் கதைகளையும் கீர்த்தனையாகப் பாடினார். நல்ல பாட்டுக்கள்தான். ஆனால் நந்தனுக்குக் கிடைத்த இடம் அவற்றுக்குக் கிடைக்கவில்லை.

மெட்டு ஒன்று, பாட்டு வேறு

சுதேசி இயக்கம் வந்தது. சுப்பிரமணிய பாரதியார் வெள்ளைக்கார அதிகாரி இந்தியனை அதட்டுவது போல ஒரு பாட்டு எழுத நினைத்தார். எந்த மெட்டு? நந்தனை வேதியர் திட்டும் பாட்டின் மெட்டையே எடுத்தார். 'தொண்டு செய்யும் அடிமை' பிறந்தது. கேட்டவுடன் ஜனங்களுக்குப் புரிந்தது. வெள்ளைக்காரன் வேதியர், நாம் நந்தன்! அந்த மெட்டு எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தால் அப்படி எழுத முடியும் என்று எண்ணிப் பாருங்கள்.

1935-இல் 'பக்த நந்தனார்' படம் வந்தது. கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். பெண் ஆண் வேடம் போட்டார். சம்பளம் ஒரு லட்ச ரூபாய்! அந்த நாளில் அது ஊரெங்கும் பேச்சாயிற்று. வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். 1942-இல் ஜெமினியின் 'நந்தனார்' வந்தது. அதில் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்தார்.

சிதம்பரத்தில் வேறொரு காரியமும் நடந்தது. நந்தனார் பெயரால் 1916-இல் சுவாமி சகஜானந்தர் ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்க இடம் கிடைத்தது. சென்னை மாகாணம் முழுவதும் எல்லா இந்துக்களும் ஆலயத்துக்குள் போகலாம் என்ற சட்டம் 1947-இல் வந்தது. கடலூர், பண்ருட்டி, அண்ணாகிராமம் பக்கத்து மக்கள் மார்கழித் திருவாதிரைக்கு இன்று பஸ் ஏறிச் சிதம்பரம் போகிறார்கள். யாரிடமும் உத்தரவு கேட்பதில்லை.

பாரதியாரின் நந்தன் தீயில் இறங்கித்தான் உள்ளே போனான். ஆண்டையைப் புதிதாகப் படைத்த கவிஞர், அந்தத் தீயை மட்டும் மாற்றவில்லை. அவ்வளவு தூரம் போக அவருக்கு மனம் வரவில்லை போலும்.

பாதியில் நின்ற பாடம்

1871-இல் ஒரு பையன் மாயூரம் வந்தான். வயது பதினாறு. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்க வந்தவன். பையனின் தகப்பனார் சங்கீதம் அறிந்தவர். மகன் அதையும் கற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பாரதியாரிடம் அழைத்துப் போனார். பாரதியார் ஒப்புக் கொண்டார். பையன் காலையில் போய்ப் பாட்டுக் கற்றான்.

இது பிள்ளைக்குத் தெரிந்தது. அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சங்கீதத்தில் புத்தி போனால் தமிழில் கவனம் குறையும் என்று கருதினார். திண்ணைப் பாட்டுக்கு அழுத அதே பிள்ளைதான்! பையனுக்குத் தர்மசங்கடம். இரண்டு பேரும் பெரியவர்கள். கடைசியில் சங்கீதத்தை நிறுத்திவிட்டான்.

அந்தப் பையன்தான் பிற்காலத்தில் தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றிய உ. வே. சாமிநாதையர். சங்க நூல்களைத் தேடி அச்சிலேற்றியவர். பிள்ளை சொன்னது தமிழுக்கு லாபமாயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சிறிது காலமே கற்ற அந்தச் சங்கீத ஆசிரியரை ஐயர் மறக்கவில்லை. பாரதியாரை அறிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்தி சேர்த்தார். 1936-இல், தமது எண்பது வயதுக்கு மேல், கோபாலகிருஷ்ண பாரதியாரின் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதி வெளியிட்டார். திண்ணையில் காத்திருந்த அந்த மத்தியானக் கதையும் அதனால்தான் நமக்குக் கிடைத்தது.