சேலம் இராமசாமி முதலியார்

சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் ஏற்றியவர் உ. வே. சாமிநாதையர் என்பதைத் தமிழ்ச் சமணர் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் அறிவர். அவரை அந்நூலின்பால் திருப்பியவர் சேலத்தில் பிறந்த ஒரு முன்சீப் என்பதும், அவர் அருக சமயத்தைச் சார்ந்தவர் அல்லர் என்பதும் அந்த அளவுக்குப் பரவவில்லை. சிந்தாமணிப் பாராயணம் நிறைவுறும் நாளில் திருத்தக்கதேவரையும் உரையாசிரியரையும் பதிப்பாசிரியரையும் போற்றுவோர் இராமசாமி முதலியாரையும் ஒருமுறை நினைப்பது தகும்.

முதலியார் 1852ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் பிறந்தார். அக்காலத்துச் சேலம் மாவட்டம் மிகப் பரந்தது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் யாவும் அதனுள் அடங்கியிருந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பினியார் அந்நிலத்தைப் பல மிட்டாக்களாகப் பகுத்து, நிலையான வரி விதித்து, மிட்டாதார்களிடம் ஒப்படைத்தனர். அத்தகைய மிட்டாதார் குடும்பம் ஒன்றில் தோன்றியவர் முதலியார். செல்வத்துக்குக் குறைவில்லை. ஊதியத்துக்காக உத்தியோகம் பார்க்க வேண்டிய நிலையும் அவருக்கு இல்லை.

அவர் பிறந்த மண்ணுக்கும் சமணத்துக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. தகடூர் என வழங்கிய தருமபுரியில் நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 893ஆம் ஆண்டில் வணிகர்கள் எடுப்பித்த சமணப் பள்ளிக்கு வழங்கிய கொடையைக் கூறுகின்றது. அதே தகடூரை ஆண்ட அதியமான் மரபில் வந்த விடுகாதழகிய பெருமாள், போளூரை அடுத்த திருமலையில் தன் முன்னோன் எழினி எழுந்தருளுவித்த இயக்கன், இயக்கியர் திருவுருவங்களைப் புதுப்பித்த செய்தி அம்மலைக் கல்வெட்டில் உள்ளது. மேற்கே விசயமங்கலம் பெருங்கதை தந்த கொங்குவேளிர் ஊர். கொங்குமண்டல சதகம் பாடிய கார்மேகக் கவிஞரும் அவ்வூர்ச் சமணரே. ஆயினும் முதலியார் வளர்ந்த காலத்தில் சமணக் குடும்பங்கள் பெரும்பாலும் திண்டிவனம், வந்தவாசி, ஆரணிப் பகுதிகளிலும், தஞ்சை, கும்பகோணம் ஆகிய ஊர்களிலுமே வாழ்ந்தன. சேலத்துச் சமவெளியில் எஞ்சியவை கல்வெட்டுகளும் திருமேனிகளுமே. அவற்றைச் செதுக்கிய மக்களின் நூல்கள் எங்கோ ஓலைகளில் உறங்கிக் கிடந்தன என்றே அக்காலத்துக் கற்றோர் கருதினர். அக்கருத்து முழுதும் சரியன்று என்பது பின்னர்த் தெரிய வந்தது.

முதலியார் சென்னையில் பயின்று பி.ஏ., பி.எல். பட்டங்கள் பெற்றார். ஆங்கிலம் கற்ற இளைஞர் தமிழ் படிப்பதைச் சற்றுத் தாழ்வாகக் கருதிய காலம் அது. தமிழ் படித்தவர்களோ அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் ஆகியவற்றோடு அமைந்தனர். இவ்விரு கூட்டத்தாரிடமிருந்தும் முதலியார் வேறுபட்டு நின்றார். பழைய காப்பியங்கள் எவை, அவற்றின் சுவடிகள் எங்கே கிடைக்கும் என்று தேடும் வேட்கை அவருக்கு இளமையிலேயே இருந்தது. சிந்தாமணியைக் காகிதத்தில் படி எடுப்பித்துத் தம்மிடம் வைத்திருந்தார். ஆனால் அதனை விளங்கிக்கொள்ளத் துணையாக ஒரு புலவர் அகப்படவில்லை. அந்நாளில் அந்நூலில் அச்சில் இருந்தது பெரிதும் நாமகள் இலம்பகம். 1868இல் பவர் என்னும் பாதிரியார் அதனை வெளியிட்டிருந்தார். எஞ்சிய பகுதிகளை நாடுவோர் சுவடிகளையே நம்ப வேண்டியிருந்தது.

1880ஆம் ஆண்டில் முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்தார். அவ்வாண்டு பிப்ரவரியில்தான் சாமிநாதையர் அவ்வூர்க் கல்லூரியில் தியாகராச செட்டியாருக்குப் பின் தமிழாசிரியராக அமர்ந்திருந்தார். திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர் என்னும் பெருமை அவருக்கு உண்டு. ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் சொற்படி அவர் புதிய முன்சீப்பைக் காணச் சென்றார். அன்று அக்டோபர் 21, வியாழக்கிழமை. வந்தவருக்கு வயது 25, வரவேற்றவருக்கு 28. தமிழ்க் கல்வியின் போக்கை மாற்றிய அந்த உரையாடல் இரண்டு இளைஞரிடையே நிகழ்ந்தது என்பதைப் பலரும் மறந்துவிடுவர்.

முதலியார் முதலில் அதிக ஆர்வம் காட்டவில்லை. யாரிடம் கற்றீர், என்னென்ன கற்றீர் என்று வினவினார். சாமிநாதையர் தாம் பாடங்கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் வரிசையாகக் கூறினார். பட்டியல் நீண்டது, கேட்டவர் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றால் ஆவது யாது என்று கேட்டு, பழைய நூல்கள் ஏதேனும் படித்ததுண்டா என வினவினார். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்னும் மூன்று பெயர்கள் அப்போது எழுந்தன. புலவர் அவற்றைப் படித்ததும் இல்லை, பார்த்ததும் இல்லை. தம் கல்வியை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட்டாரே என்னும் வருத்தம் அவருக்கு ஏற்பட்டது. எனினும், நூல் கிடைக்குமாயின் படித்துப் பொருள் சொல்ல இயலும் என்னும் துணிவும் உடன் தோன்றியது. முதலியார் தம்மிடம் இருந்த காகிதப் பிரதியை அவருக்கு அளித்தார்.

முதலியாரின் வினா கடுமையானது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அது இகழ்ச்சியில் பிறந்ததன்று. ஒரு நூல் எச்சமயத்தாரால் இயற்றப்பட்டது என்று அவர் ஆராயவில்லை. அது எவ்வளவு பழையது, எவ்வளவு ஆழமானது என்பதையே நோக்கினார். சைவ மடத்தின் நிழலில் வளர்ந்த ஒரு புலவரிடம் சமண காப்பியத்தைப் படிக்கத் தருவது அக்காலத்தில் இயல்பான செயலன்று. சிந்தாமணியில் மனம் தோய்ந்திருந்த சோழனை மீட்கவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்னும் கதை சைவரிடையே வழிவழியாக வழங்கி வந்தது. அந்நூலைத் தொடுவதே தகாது எனக் கருதியோர் பலர்.

கல்லூரிப் பணி இல்லாத நாள்களில் சாமிநாதையர் முதலியார் இல்லத்துக்குச் சென்று பாடஞ் சொன்னார். இப்பாடம் ஏறக்குறைய ஆறு மாதங்கள் நடைபெற்றது. பாடஞ் சொல்பவரே பாடங்கேட்பவராகவும் இருந்த வகுப்பு அது. நச்சினார்க்கினியர் தம் உரையில் எடுத்துக்காட்டும் பழம்பாடல்கள் எந்நூல்களைச் சேர்ந்தவை என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய தடை சமணக் கோட்பாடு. மும்மணி, எண்வினை, குணத்தானம், சமவசரணம் ஆகியவற்றை அறியாதவனுக்கு முத்தி இலம்பகம் திறக்காத கதவு. உரையாசிரியரே முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்காமையால், அவர்தம் நூல்களைக் கற்றுப் பின்னர் மீண்டும் எழுதினார் என்பது வழிவழிச் செய்தி. அவருக்கே அந்நிலை என்றால் கும்பகோணத்துத் தமிழாசிரியர் என் செய்வார்?

ஐயங்களைத் தீர்ப்பார் யார் என்று தேடிய சாமிநாதையருக்கு அதே ஊரில் சமணர் வாழ்வது தெரிய வந்தது. சந்திரநாத செட்டியார் என்பவரின் இல்லத்துக்கு அவர் சென்ற அன்று, வீட்டில் தோரணங்கள் கட்டி விழாக்கோலம் செய்திருந்தனர். காரணம் கேட்டபோது, சிந்தாமணி படித்து முடித்த நிறைவு விழா அன்று என்று அறிந்தார். திண்டிவனத்தை அடுத்த வீடூர் அப்பாசாமி நயினார் பல மாதங்களாக அங்கே பாடல்தோறும் பொருள் சொல்லி வந்திருந்தார். தமிழ்நாட்டுப் புலவர் உலகம் கண்ணால் காணாத ஒரு காப்பியம், கல்லூரியிலிருந்து சிறிது தொலைவில், ஒரு குடும்பத்தின் கூடத்தில் முதலிலிருந்து கடைசிவரை ஓதப்பட்டிருந்தது.

சிந்தாமணி கண்டெடுக்கப்பட்டது என்று நூல்களும் மேடைகளும் இன்றும் கூறுகின்றன. சங்க நூல்கள் சிலவற்றுக்கு அச்சொல் பொருந்தலாம், சிந்தாமணிக்குப் பொருந்தாது. அது தொலையவே இல்லை. சமணர் அல்லாதார் அதனை மணநூல் என்று வழங்கி, சீவகன் மணந்த மகளிரின் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டனர். சமண இல்லங்களில் அதனைக் கேட்டவர்கள், மயிற்பொறி ஏறித் தப்பிய விசயை சுடுகாட்டில் மகனை ஈன்ற இடத்தில் கண்ணீர் வடித்தனர். மந்தி பெற்ற பலாச்சுளையைத் தோட்டக்காரன் பறித்துக்கொண்ட காட்சியில் சீவகன் அரசின் நிலையாமையை உணர்ந்து துறவு பூண்டதைக் கேட்டு அமைந்தனர். 3145 பாடல்களையும் அந்த முடிவுக்காகவே படித்த மக்கள் அவர்கள். இராமசாமி முதலியாரின் வினா, இல்லாத நூலை உண்டாக்கவில்லை. ஒரே ஊரில் ஒருவரை ஒருவர் அறியாதிருந்த இரண்டு மரபுகளை எதிரெதிரே அமரச் செய்தது. அதன் பின்னர் அப்பாசாமி நயினாரும் சந்திரநாத செட்டியாரும் கூறிய விளக்கங்களோடு அந்தணப் புலவர் ஒருவர் சிந்தாமணி கற்றார். தஞ்சை விருஷபதாச முதலியார் போன்றோரிடமிருந்து சுவடிகளும் வந்தன. அச்சுவடிகளைப் பிறரிடம் கொடுக்கச் சமணர் தயங்கியதில் வியப்பில்லை. நூற்றாண்டுகளாக இகழ்ச்சியையே கேட்டிருந்தவர்களின் தயக்கம் அது.

திருவாவடுதுறையிலும் சுவடி கிடைத்தது. மடத்தைச் சார்ந்தோர் சிலர் முகம் சுளித்தபோதும், சுப்பிரமணிய தேசிகர் இவ்வாராய்ச்சியைத் தடுக்கவில்லை. இதனைச் சொல்லாமல் விடுவது நன்றி மறத்தலாகும்.

இதற்கிடையில் முதலியார் கும்பகோணத்தை விட்டுச் சென்றார். பின்னர்ச் சென்னையில் வழக்கறிஞராக விளங்கினார். பொது வாழ்விலும் அவர் பெயர் ஓங்கியது. 1885இல் இங்கிலாந்தில் பொதுத்தேர்தல் நடந்தபோது, இந்தியரின் குறைகளை அந்நாட்டு வாக்காளரிடம் நேரில் எடுத்துரைக்க மூவர் அனுப்பப்பட்டனர். வங்காளத்திலிருந்து மன்மோகன் கோஷ், பம்பாயிலிருந்து நாராயண் கணேஷ் சந்தாவர்க்கர், சென்னையிலிருந்து இராமசாமி முதலியார். காங்கிரஸ் மகாசபை முதன்முதலாகக் கூடியதும் அவ்வாண்டின் இறுதியிலேயே. 1886இல் ஐட்சிசன் தலைமையில் அமைந்த அரசுப் பணி ஆணையத்திலும் அவர் உறுப்பினர். இந்தியர்க்கு உயர் பதவிகளில் எத்துணை இடம் தருவது என்பதை ஆராய்ந்த குழு அது.

இத்தனை அலுவல்களுக்கு நடுவிலும் அவர் சிந்தாமணியை மறக்கவில்லை. பதிப்பு வேலைக்காகச் சென்னைக்கு வந்த சாமிநாதையருக்கு ஆதரவு தந்தார், பொருளுதவியும் செய்தார். அச்சுக்கூலியும் காகித விலையும் ஒரு கல்லூரி ஆசிரியரின் சம்பளத்துக்கு எட்டாதவை. கையொப்பக்காரர்களிடம் முன்பணம் திரட்டியே அக்கால நூல்கள் வெளிவந்தன. முதலியாரைப் போன்றவர்கள் பின்னால் நிற்கிறார்கள் என்பதே பலரைக் கையொப்பமிடத் தூண்டியது. 1887ஆம் ஆண்டு அக்டோபரில் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு முழுமையாக வெளிவந்தது. கும்பகோணத்தில் நிகழ்ந்த முதல் சந்திப்புக்கும் இதற்கும் இடையே ஏழு ஆண்டுகள் சென்றிருந்தன. சமணக் குடும்பங்களில் ஓலையிலிருந்து ஓலைக்குப் படி எடுக்கப்பட்டு வந்த நூல், இப்போது விலை கொடுத்து வாங்குவோர் எவர்க்கும் கிடைப்பதாயிற்று.

இந்நிகழ்ச்சிகளை உலகம் அறிவது பெரும்பாலும் சாமிநாதையர் தம் முதுமையில் எழுதிய என் சரித்திரத்தின் வாயிலாகவே. முதலியாரின் வினாவால் தம் நெஞ்சு புண்பட்டதையும், அதன் பின்னர்த் தம் வாழ்வு திசை மாறியதையும் அவர் ஒளிக்காமல் எழுதினார். முதலியார் தம்மைப் பற்றி அத்தகைய நூல் எழுதும் வயதை எட்டவில்லை. 1892ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், நாற்பது நிரம்புமுன் அவர் காலமானார். அன்று அவர் பெயர் கூறிய மூன்று நூல்களுள் சிந்தாமணி ஒன்றையே அச்சில் கண்டார். சிலப்பதிகாரம் அவர் மறைந்து சில திங்களில் வந்தது. மணிமேகலை 1898இல் வந்தது.