நீதிமன்றத்திலிருந்து உலக மன்றத்திற்கு

கிழக்கே திருவண்ணாமலையும் மேற்கே மங்களூரும் சென்னை மாகாணம் என்னும் ஒரே ஆட்சிப்பரப்பில் அடங்கியிருந்த காலம் அது. 1887 பிப்ரவரி 26 அன்று மங்களூரில் பெனகல் நரசிங்க ராவ் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியிலும் பயின்றார். 1910இல் இந்தியக் குடிமைப் பணியில் சேர்ந்து, காலப்போக்கில் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்தார்.

சிந்து ஆற்று நீரைப் பகிர்ந்துகொள்வதில் பஞ்சாப், சிந்து மாகாணங்களுக்கிடையே பூசல் எழுந்தபோது, அதனை ஆராய 1941இல் அமைந்த ஆணையத்திற்கு ராவ் தலைமை ஏற்றார். ஆறு எந்த ஒரு மாகாணத்திற்கும் தனியுடைமையன்று. கரைவாழ் மக்கள் அனைவர்க்கும் நியாயமான பங்கு உண்டு என்பதே அவர் கண்ட நெறி.

1946இல் அரசியல் நிருணய சபையின் சட்ட ஆலோசகரானார். 1947 அக்டோபரில் 243 பிரிவுகளும் 13 அட்டவணைகளும் கொண்ட முதல் வரைவை உருவாக்கினார். அம்பேத்கர் தலைமையிலான வரைவுக்குழு அதனை அடிப்படையாகக் கொண்டே தன் பணியைத் தொடங்கியது. இப்பெரும்பணிக்கு அவர் ஊதியம் பெறவில்லை.

பின்னர் ஐக்கிய நாடுகள் அவையில் இந்தியாவின் பிரதிநிதியானார். 1950 ஜூன் மாதம் பாதுகாப்பு அவையின் தலைமைப் பொறுப்பு அவருக்கு உரியதாயிற்று. அம்மாதம் 25ஆம் நாள் கொரியப் போர் மூண்டது. வடகொரியப் படைகள் பின்வாங்க வேண்டும் என்ற தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. இரு நாள் கழித்துப் படையுதவி கோரும் தீர்மானம் வந்தது. தம் அரசின் ஆணை வந்து சேராத நிலையில் ராவ் வாக்களிக்கவில்லை. பின்னர் இந்தியா அத்தீர்மானத்தை ஏற்றது. எனினும் போர்ப்படைக்கு மாறாக மருத்துவப் பிரிவையே அனுப்பியது.

அவ்வாண்டு டிசம்பரில், ஈரான், கனடா நாட்டினருடன் இணைந்து போர்நிறுத்தத்திற்கு வழிகாணும் மூவர் குழுவில் ராவ் இடம்பெற்றார். சீனா உடன்படாமையால் அம்முயற்சி கைகூடவில்லை. நீதிபதியின் தீர்ப்புக்கு இரு தரப்பும் பணியும். தூதரின் சொல்லுக்கோ இரு தரப்பும் இசைந்தாலன்றிப் பயனில்லை. இவ்வேறுபாட்டை உணர்ந்தும் அவர் பொறுமையுடன் அமைதிக்காக முயன்றார்.

1952இல் திஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்தின் நீதிபதியாகப் பொறுப்பேற்று, மீண்டும் நீதியின் இருக்கைக்குத் திரும்பினார். 1953 ஜூலை 27இல் கொரியாவில் பீரங்கிகள் ஓய்ந்தன. அவர் வேண்டிய அமைதி காலந்தாழ்ந்தேனும் வந்தது. அதனைக் கண்டபின், நவம்பர் 30 அன்று சூரிக் நகரில் ராவ் மறைந்தார்.