பிளாட்டினத்தைப் பணியவைத்த பெரியார்

அரிதின் முயன்று அறிந்த ஒன்றைப் பிறர்க்கு எடுத்துரைத்தல் வேண்டுமா, தம்மளவில் மறைத்து வைத்தல் தகுமா என்னும் வினா மாணாக்கராகிய நமக்குப் புதியதன்று. இவ்வினாவை நெடுங்காலம் நெஞ்சிற் சுமந்து, இறக்குந் தறுவாயில் அதற்கு விடை அளித்துச் சென்றவர் ஒருவர் உளர். அவரே வில்லியம் ஹைடு வொல்லாஸ்டன் என்னும் ஆங்கில அறிஞர்.

இவர் 1766ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள், இங்கிலாந்தில் நார்போக் பகுதியைச் சார்ந்த ஈஸ்ட் டியர்ஹாம் என்னும் ஊரிற் பிறந்தார். இவர் தந்தையார் திருச்சபைக் குருவாகவும், வானநூற் பயிற்சி மிக்கவராகவும் விளங்கினார். மக்கள் பலரைப் பெற்ற குடும்பம் அஃது. வொல்லாஸ்டன் கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்று, 1793இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே ராயல் சொசைட்டி என்னும் அறிஞர் கழகத்தின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். சில்லாண்டு மருத்துவத் தொழில் நடத்தினார். ஆயினும், நோயாளர் படும் துன்பங் கண்டு அவர் உள்ளம் ஓயாது வருந்திற்று. ஆதலின் 1800ஆம் ஆண்டில் அத்தொழிலை அறவே விட்டொழித்தார்.

இனி உணவுக்கு வழி யாது? நண்பர் ஸ்மித்சன் டென்னன்ட் என்பாருடன் கூடி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். தென் அமெரிக்காவில் அந்நாளில் நியூ கிரனடா எனப்பட்ட கொலம்பியா நாட்டுப் பிளாட்டினக் கனிமணல் ஏறத்தாழ 6000 அவுன்ஸ் 1800ஆம் ஆண்டின் இறுதியில் விலைக்கு வாங்கப்பட்டது. அக்காலத்து உலைகளுள் எதுவும் பிளாட்டினத்தை உருக்க வல்லதன்று. அடித்தால் நொறுங்காது தகடாகவும் கம்பியாகவும் நீளும் பிளாட்டினத்தைத் தவறாது செய்து தருவாரும் இங்கிலாந்தில் இலர். உருகாத ஒன்றை இணங்கச் செய்வது எங்ஙனம்? இதனையே வொல்லாஸ்டன் தம் தனியறையுட் புகுந்து ஆராயலானார்.

நிற்க. இவ்வுலோகத்தை விரும்பி வாங்கியவர் யாவர் என்பதை ஈண்டுக் கூறல் வேண்டும். அக்காலத்து வழங்கியது சக்கிமுக்கித் துப்பாக்கி. அதன் குதிரையிற் பொருத்திய கல் எஃகில் மோதித் தீப்பொறி சிந்தும். பொறி பக்கத்துக் கிண்ணத்திலுள்ள இரஞ்சக மருந்திற் பற்றும். அத்தீ, குழலின் பக்கத்தே அமைந்த சிறுதுளை வழியாக உட்புகுந்து வெடிமருந்தைக் கொளுத்தும். அத்துளை ஏறத்தாழ ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு கூறு அகலமுடையது. துப்பாக்கி சுடப்படுந்தோறும் கொதிக்கும் வாயு அதன் வழியே சீறிப் பாயும். வெப்பமும் கந்தகமும் இரும்பை அரித்தலால், துளை நாளடைவில் அகன்றுவிடும். அகலவே, உந்துவிசையின் ஒரு பகுதி பக்கவாட்டில் வீணாகும். குண்டின் வேகமும் குறையும்.

இதற்குக் கொல்லர் கண்ட பரிகாரம் துளைக்கு உறையிடுதல். குழலிற் சற்றுப் பெரிய துளையிட்டு, அரிப்புக்கு ஆளாகாத உலோகத்தாற் செய்த சிறு முளையை அதனுள் திருகியேனும் அடித்தேனும் இறுக்கி, புறத்தை அரத்தால் சமமாக்கி, அம்முளையின் நடுவே நுண்துளை இடுவர். துளை இரஞ்சகக் கிண்ணத்துக்கு நேராக அமையாவிடின் தீப்பற்றத் தாமதமாகும். ஆகவே இது மிக்க கவனம் வேண்டும் வேலை. முதலிற் பொன்னால் உறையிட்டனர். பொன் துருப்பிடியாது, எனினும் அது மெல்லியது, தீயில் உருகுவது. பிளாட்டினமோ துருவையும் தீயையும் ஒருங்கே வெல்வது. ஆதலின் இலண்டன் துப்பாக்கிக் கொல்லர் வொல்லாஸ்டனின் பிளாட்டினத்தை நாடினர். சின்னஞ்சிறு முளைகளாயினும் அவற்றின் தொகை பெரிதாகலின், கந்தகத் திராவகம் காய்ச்சும் கொப்பரைகளோடு இவையும் அவர் செல்வத்துக்கு அடிப்படையாயின.

ஆனால், செய்முறையை அவர் எவர்க்கும் வெளியிட்டிலர். மறைத்தலாகிய இப்பழக்கம் ஒருமுறை பிறர்க்குத் தீங்கும் விளைத்தது. பிளாட்டினக் கனியினின்று 1802இல் பல்லேடியம் என்னும் புதிய உலோகத்தைக் கண்ட அவர், தம் பெயர் கூறாமலே 1803இல் அதனைக் கடையில் விற்பனைக்கு வைத்தார். செனிவிக்ஸ் என்னும் இரசாயன அறிஞர் அதனைச் சோதித்து, அது பிளாட்டினமும் பாதரசமும் கலந்த கலப்பே எனக் கழகத்தில் அறிவித்தார். உண்மை அறிந்த வொல்லாஸ்டன் வாளா இருந்தார். 1805இல்தான் கண்டவர் தாமே என வெளிப்படுத்தினார். செனிவிக்ஸின் நற்பெயருக்கு இதனால் ஊறு நேர்ந்தது. இப்பெரியாரின் வாழ்வில் இது ஒரு குறையே எனக் கூறாதிருத்தல் நேர்மையன்று.

ஆயினும் அவர் ஈட்டிய பொருள் ஆராய்ச்சிக்கே துணை நின்றது. 1804இல் ரோடியத்தை வெளியிட்டார். கண்ணெதிர்த் தோற்றத்தைத் தாளின்மேல் வரையத் துணைபுரியும் காமிரா லூசிடா என்னும் கருவியை அமைத்தார். படிகங்களின் கோணத்தை அளக்க 1809இல் ஒரு கருவி கண்டார். 1820இல் ராயல் சொசைட்டியின் தலைமையைச் சில திங்கள் தாங்கி, பின்னர் விரும்பி விட்டுக்கொடுத்தார். மணஞ் செய்துகொள்ளாமலே வாழ்ந்தார்.

1828ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மூளையில் எழுந்த கட்டி அவரை வீழ்த்தலாயிற்று. இறுதி அணுகியது என உணர்ந்த அவர், கால் நூற்றாண்டுக்கு மேலாகக் காத்த மறைபொருளை உலகுக்கு ஒப்படைக்கத் துணிந்தார். நவம்பர் 20ஆம் நாள் அவருடைய கட்டுரை கழகத்தில் படிக்கப்பெற்றது. கனிமணலை இராச திராவகத்திற் கரைத்து, நவச்சாரத்தால் மஞ்சள் நிறப் பொடியாகப் படியச் செய்தல். அதனை மென்மையாகச் சுட்டுச் சாம்பல் நிறப் பஞ்சுபோலாக்கல். வன்பொருள் படாது கையாலும் மரக்குழவியாலும் நுண்பொடியாக்கல். நீரில் அரித்து, ஈரத்தோடே பித்தளைக் குழலில் இட்டு நெம்புகோலால் அழுத்தல். உலர்த்தி, உலையிற் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்தல் என ஒவ்வொரு படியையும் ஒளியாது உரைத்தார். உருக்காமலே ஒட்டவைக்கும் அம்முறையின் உயிர், பொடியின் தூய்மையில் உள்ளது. புவியியற் கழகத்துக்கு 1000 பவுன் அளித்தார். அதனின்று எழுந்ததே வொல்லாஸ்டன் பதக்கம். டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் தமது அறுபத்திரண்டாம் வயதில் உயிர் நீத்தார்.

அவர் மறைத்து ஈட்டிய பொருளைக் குறை கூறுவார் உளர். அவர்க்கு அதுவன்றி வேறு பிழைப்பு இல்லை என்பாரும் உளர். ஆனால், மறைபொருளைத் தம்முடன் கல்லறைக்குக் கொண்டுசென்ற கைவல்லார் எத்துணையரோ! வேட்டெஃகும் சக்கிமுக்கிக் கல்லும் வழக்கொழிந்தன. இரஞ்சகத் துளையும் உடன் ஒழிந்தது. அத்துளைக்கென விற்கப்பட்ட உலோகத்தின் செய்முறையோ, பொடியை அழுத்திச் சுட்டுத் திண்ணிய பொருளாக்கும் தொழிலுக்கு முன்னோடியாய் நின்று நிலவுகின்றது. அறிவு கொடுத்தவிடத்தே வாழும் என்பதற்கு இஃதொரு சான்றாகும்.