பீரங்கிக் குண்டின் பாதையைக் கண்ட கலீலியோ

பௌதிகம் படிக்கும் மாணவர்கள் யாவரும் எறிபொருள் கணக்குகளைப் போட்டிருப்பார்கள். ஒரு குன்றின் உச்சியிலிருந்து கல் ஒன்று எறியப்படுகிறது. அது எத்தனை வினாடியில், எவ்வளவு தூரத்தில் போய் விழும்? இன்று ஐந்து நிமிடத்தில் விடை கண்டுவிடக்கூடிய இந்தக் கணக்கு, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் அறிஞர்களைத் திகைக்க வைத்தது. அதற்கு வழி கண்டவர் கலீலியோ கலிலி. தொலைநோக்கியைக் கொண்டு வானத்தை ஆராய்ந்தவர், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாதிட்டுத் தண்டனை பெற்றவர் என்றே உலகம் அவரை அதிகம் அறியும். எறிபொருளின் பாதையை அவர் கண்டறிந்த வரலாறும் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

வைத்தியம் விட்டுக் கணிதம்

இத்தாலியிலுள்ள பைசா நகரில் 1564-ம் ஆண்டு பிப்ரவரி 15-ம் தேதி கலீலியோ பிறந்தார். தந்தை வின்சென்சோ ஓர் இசைக் கலைஞர்; தந்திகளின் ஒலியைப் பரிசோதனைகளால் ஆராய்ந்தவர். மகன் வைத்தியராகிக் கைநிறையச் சம்பாதிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் பைசா பல்கலைக் கழகத்தில் வைத்தியம் பயிலச் சென்ற இளைஞரின் மனம் யூக்ளிட், ஆர்க்கிமிடீஸ் ஆகியோரின் நூல்களில் தோய்ந்துவிட்டது. 1585-ல் பட்டம் பெறாமலே அவர் கல்லூரியை விட்டு வெளியேறினார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே பல்கலைக் கழகத்தில் கணித ஆசிரியர் வேலை கிடைத்தது. வருடச் சம்பளம் 60 ஸ்கூடி, சொற்பத் தொகை. 1591-ல் தந்தை காலமானார். சகோதரிகளின் சீதனப் பொறுப்பு உள்படக் குடும்பச் சுமை முழுவதும் மூத்த மகன் தலையில் விழுந்தது. 1592-ல் வெனிஸ் குடியரசைச் சேர்ந்த பாதுவா பல்கலைக் கழகத்திற்கு மாறினார். அங்கும் சம்பளம் போதவில்லை. வீட்டில் மாணவர்களைத் தங்க வைத்துத் தனிப்பாடம் நடத்தினார். பிரபுக்களின் பிள்ளைகளுக்குக் கோட்டை கட்டும் கலையைக் கற்பித்தார். பீரங்கி வீரர்களுக்கும் பயன்படும் ஒரு கணிதக் கருவியை அமைத்து, அதைச் செய்து தர ஒரு கைவினைஞரை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

பழைய கொள்கை

பீரங்கி அக்காலப் போரின் முக்கிய ஆயுதம். ஆனால் குண்டு எந்தப் பாதையில் செல்கிறது என்பது எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. எறியப்பட்ட பொருளின் ஓட்டம் இயற்கைக்கு மாறானது, பொருள் தானாக விழுவதே இயற்கையானது என்பது அரிஸ்டாட்டில் வழிவந்தோரின் கொள்கை. இவை இரண்டும் ஒரே சமயத்தில் ஒரு பொருளில் கலந்திருக்க முடியாது என்று பலர் நம்பினர். ஆகவே குண்டு முதலில் நேர்கோட்டில் பாய்கிறது, ஏவிய வேகம் தீர்ந்ததும் கீழே விழுகிறது என்று படம் வரைந்தார்கள். தார்த்தாலியா என்ற இத்தாலியக் கணித அறிஞர் 1537-ல் வெளியிட்ட நூலில், பீரங்கியை 45 பாகை சாய்த்தால் குண்டு மிக அதிக தூரம் செல்லும் என்று எழுதினார். அனுபவத்தில் வீரர்களும் அதை அறிந்திருந்தனர். காரணத்தைத்தான் எவராலும் நிரூபிக்க முடியவில்லை.

மேஜையும் பந்தும்

கலீலியோ முதலில் விழும் பொருளை ஆராய்ந்தார். நேராக விழுவது மிக விரைவாக நடந்துவிடுவதால், சாய்வான பலகையில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் வெண்கலப் பந்தை உருட்டினார். துல்லியமான கடிகாரம் இல்லாத காலம் அது. பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே ஒழுகும் தண்ணீரைப் பிடித்து, எடை போட்டு நேரத்தைக் கணக்கிட்டார். சம கால அளவுகளில் பந்து கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் வளர்வதைக் கண்டார்.

அடுத்த படி 1608-ல் நடந்தது. சாய்தளத்தில் உருண்டு வரும் பந்தை மேஜை விளிம்பில் கிடைவாகத் திருப்பிவிட்டு, அது தரையில் எங்கே விழுகிறது என்று அளந்தார். அவருடைய குறிப்புத் தாள் ஒன்றில் அந்த எண்கள் இருக்கின்றன. மேஜையின் உயரம் 828 புள்ளிகள். ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 300 புள்ளி உயரத்திலிருந்து விட்ட பந்து 800 புள்ளி தூரத்தில் விழுந்தது. உயரத்தை 600 ஆக்கினால் பந்து 1131-ல் விழ வேண்டும் என்பது அவர் கணக்கு, விழுந்ததோ 1172-ல். சாதாரண மரப்பலகையை வைத்துச் செய்த சோதனையில் இவ்வளவு நெருங்கி வந்ததே பெரிய காரியம். விளக்கம் ஏதுமின்றி எண்களும் கோடுகளுமாகக் கிடந்த அந்தத் தாளை, ஸ்டில்மன் டிரேக் என்ற வரலாற்றாசிரியர் 1973-ல்தான் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

முடிச்சு அவிழ்ந்தது

கலீலியோ கண்ட உண்மை இதுதான்: எறிபொருளுக்கு இரண்டு ஓட்டங்கள் உண்டு. கிடைவாகச் செல்லும் ஓட்டம் ஒரே வேகத்தில் நடக்கிறது. கீழ்நோக்கிய ஓட்டம் வினாடிக்கு வினாடி வேகம் பெறுகிறது. ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதில்லை. ஆகவே இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம்.

ஓர் உதாரணம். 45 மீட்டர் உயரமுள்ள பாறையிலிருந்து ஒரு கல் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கிடைவாக எறியப்படுகிறது. கீழ்நோக்கிய ஓட்டத்தை மட்டும் முதலில் பார்க்க வேண்டும். முதல் வினாடியில் சுமார் 5 மீட்டர், இரண்டாவதில் 15, மூன்றாவதில் 25. ஆக மூன்று வினாடியில் 45 மீட்டர் இறங்கிவிடுகிறது. அந்த மூன்று வினாடியில் கிடைவாக 60 மீட்டர் போயிருக்கும். கணக்கு முடிந்தது. கல் சென்ற வழியை வரைந்தால், கிரேக்க அறிஞர்கள் கூம்பை வெட்டிக் கண்ட பரவளையம் என்ற வளைகோடு கிடைக்கும்.

45 பாகையின் ரகசியமும் இதில் அடங்கியிருக்கிறது. பீரங்கியைத் தாழ்த்திச் சுட்டால் குண்டு சீக்கிரமே தரையைத் தொட்டுவிடும். மிக உயர்த்திச் சுட்டால் வானில் நெடுநேரம் இருந்தாலும் முன்னே போகும் வேகம் குறைந்துவிடும். நடுவிலுள்ள 45 பாகையே மிகச் சிறந்தது. 30 பாகையில் சுட்டாலும் 60 பாகையில் சுட்டாலும் குண்டு ஒரே தூரத்தில்தான் விழும் என்பதையும் கலீலியோ நிரூபித்தார்.

கை நழுவிய புகழ்

ஆனால் இதை அவர் உடனே வெளியிடவில்லை. 1609-ல் தொலைநோக்கி அவர் கைக்கு வந்தது. வியாழனின் சந்திரர்கள் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோயின. டஸ்கனி கோமகனின் ஆஸ்தான அறிஞராகப் பிளாரன்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். எறிபொருள் குறிப்புகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் பெட்டியில் உறங்கின.

1632-ல் பேரிடி விழுந்தது. பொலோனா நகரப் பேராசிரியரும், கலீலியோவின் சீடரிடம் பயின்றவருமான கவலியேரி, தம் நூல் ஒன்றில் எறிபொருளின் பாதை பரவளையம் என்று அச்சேற்றிவிட்டார். கலீலியோ நொந்துபோனார். நாற்பது ஆண்டு உழைப்பின் முதற்புகழ் தம் கையை விட்டுப் போய்விட்டதே என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். செய்தி எட்டியதும் கவலியேரி பதறினார். அது கலீலியோவின் கண்டுபிடிப்பு என்பது ஊரறிந்த விஷயம் என்று தாம் நினைத்ததாக விளக்கினார்; விரும்பினால் பிரதிகளை எரித்துவிடவும் தயார் என்றார். மனத்தாங்கல் தீர்ந்தது.

அதே மாதங்களில் அதைவிடப் பெரிய ஆபத்து நெருங்கியது. பூமியின் சுழற்சியைப் பற்றி கலீலியோ வெளியிட்ட உரையாடல் நூலின் விற்பனை தடுக்கப்பட்டது. ரோமாபுரிக்கு வரும்படி கட்டளை பிறந்தது. 1633-ம் ஆண்டு ஜூன் 22-ம் தேதி, சமய விசாரணை மன்றத்தின் முன் மண்டியிட்டு, தம் கொள்கையைக் கைவிடுவதாகக் கூற நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 69. சிறைத் தண்டனை வீட்டுக் காவலாக மாற்றப்பட்டது. அவருடைய நூல்களை இனி அச்சிடக் கூடாது என்ற தடையும் விழுந்தது.

காவலில் பிறந்த நூல்

பிளாரன்ஸ் அருகே ஆர்செட்ரி என்னுமிடத்தில் காவல் வாழ்க்கை தொடங்கியது. அருகிலிருந்த கன்னிமாடத்தில் துறவியாக இருந்த மூத்த மகள் மரியா செலஸ்தேதான் அவருக்கிருந்த ஆறுதல். தந்தை திரும்பிய சில மாதங்களில், 1634 ஏப்ரலில், 33 வயதில் அவரும் இறந்துபோனார்.

இந்தத் துயரத்திலும் முதியவர் சோர்ந்துவிடவில்லை. பாதுவா நாட்களின் பழைய தாள்களை எடுத்து ஒழுங்குபடுத்தினார். இரண்டு புதிய விஞ்ஞானங்களைப் பற்றிய அந்த நூல், மூன்று நண்பர்கள் நான்கு நாட்கள் உரையாடுவதாக அமைந்தது. நான்காம் நாள் முழுவதும் எறிபொருள்களுக்கே. ஒவ்வொரு சாய்வுக்கும் குண்டு செல்லும் தூரத்தைக் காட்டும் அட்டவணைகளையும் சேர்த்தார். காற்றின் தடையால் பாதை மாறும் என்பதையும், பீரங்கிக் குண்டின் அசுர வேகத்தில் அது மிகுதியாகும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இத்தாலியில் அச்சிட வழியில்லை. கையெழுத்துப் பிரதி ஹாலந்துக்குச் சென்றது. லைடன் நகரில் எல்சவீர் பதிப்பகத்தார் 1638-ல் அதை வெளியிட்டனர். தமக்குத் தெரியாமல் அது அச்சகத்துக்குப் போய்விட்டதுபோல முன்னுரையில் எழுதி, கலீலியோ தம்மைக் காத்துக்கொண்டார். அதற்குள் அவருடைய இரு கண்களும் ஒளியிழந்துவிட்டன. தாம் எழுதியவற்றுள் எல்லாம் சிறந்தது என்று கருதிய நூலை அவரால் தடவிப் பார்க்கத்தான் முடிந்தது.

1642-ம் ஆண்டு ஜனவரி 8-ம் தேதி, இளம் சீடர்களான விவியானியும் டாரிசெல்லியும் அருகிலிருக்க, காவலிலேயே அவர் உயிர் பிரிந்தது. ஆடம்பரச் சமாதி எழுப்பத் தடை இருந்ததால், சாந்தா குரோச்சே ஆலயத்தின் ஒதுக்குப்புறமான சிறு அறையில் உடலை அடக்கம் செய்தார்கள். 95 ஆண்டுகள் கழித்து, 1737-ல்தான் உரிய இடத்துக்கு அது மாற்றப்பட்டது.

அவர் காட்டிய வழிக்கு அத்தனை காலம் தேவைப்படவில்லை. டாரிசெல்லி 1644-லேயே அதை விரிவாக்கி எழுதினார். பின்னர் நியூட்டன் அதன்மீது கட்டினார். இன்றும் மாணவன் ஒருவன் எறிபொருள் கணக்கைப் போடத் தொடங்கி, வேகத்தைக் கிடையாகவும் செங்குத்தாகவும் பிரித்து எழுதும்போது, ஆர்செட்ரியின் அந்தக் கைதி எழுதிவைத்த முதற்படியில்தான் கால் வைக்கிறான்.